ஆற்றுக்கு முன்னால் ஒரு குளம்: செம்பனை ஆலைக் கழிவுநீரை நுண்ணுயிர்கள் எப்படிச் சுத்தம் செய்கின்றன?

ஜொகூர், செகாமட் மாவட்டத்தில் இருக்கும் பெக்கோக் ஒரு சின்ன ஊர். சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கும், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பக்கத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்த ஊர் பழக்கம். காட்டை ஒட்டி ஓடும் தண்ணீர் அங்கே கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள்தான். ஊரின் பெயரையே தாங்கிய பெக்கோக் ஆறு இந்தத் தோட்ட நிலங்கள் வழியாகத் தெற்கே ஓடி, யோங் பெங் பக்கம் உள்ள பெக்கோக் அணையைக் கடந்து, கடைசியில் பத்து பஹாட் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது.

மேலே தோட்டம், கீழே குடிநீர்க் குழாய். ஜொகூரின் பல ஆறுகளுக்கு இதுதான் நிலைமை. நடுவில் நின்று காவல் காக்கிறது கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்: நுண்ணுயிர்கள். செம்பனை ஆலையின் கழிவுநீர் ஆற்றுக்குப் போகும் முன் அதில் இருக்கும் அழுக்கைத் தின்று தீர்ப்பது அவற்றின் வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது, அதனால் நம்ம வீட்டுக் குழாய்க்கு என்ன ஆபத்து என்பதைப் பார்ப்போம்.

ஆலையிலிருந்து என்ன வெளியே வருகிறது?

செம்பனைக் குலைகளை ஆலையில் முதலில் நீராவியில் வேக வைப்பார்கள். பிறகு பழங்களை உதிர்த்து, மசித்து, பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள். இதற்கெல்லாம் நிறையத் தண்ணீர் வேண்டும். ஒரு டன் கச்சா செம்பனை எண்ணெய் எடுக்க 5 முதல் 7.5 டன் வரை தண்ணீர் செலவாகும். அதில் பாதிக்கு மேல் கழிவுநீராக வெளியேறும்.

அந்தக் கழிவுநீர் பழுப்பு நிறத்தில், கெட்டியான குழம்பு மாதிரி இருக்கும். ஆலையை விட்டு வரும்போது 80 முதல் 90 பாகை செல்சியஸ் சூடு. புளிப்புத் தன்மையும் அதிகம். பிஎச் அளவு 4 முதல் 5 வரைதான். இதில் 95 விழுக்காடு தண்ணீர். மீதி நார், சதை, மாவுச்சத்து, புரதம், கொஞ்சம் எண்ணெய். விஷம் என்று சொல்லக்கூடிய ரசாயனம் எதையும் ஆலை இதில் சேர்ப்பதில்லை. எல்லாமே பழத்திலிருந்து வந்த சத்துகள்.

அப்புறம் ஆற்றுக்கு என்ன பிரச்சினை? பிரச்சினையே அந்தச் சத்துகள்தான்.

ஆற்றில் இயல்பாகவே நுண்ணுயிர்கள் இருக்கின்றன. திடீரென்று இவ்வளவு சாப்பாடு வந்து விழுந்தால் அவை வேகமாகப் பெருகும். சாப்பிடும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுவிட மிச்சம் இருக்காது. மீன்கள் செத்து மிதப்பதற்குப் பல நேரம் காரணம் விஷம் இல்லை, மூச்சுத் திணறல்.

பிஓடி: ஒரு எண்ணில் ஆற்றின் கதை

இந்த ஆபத்தை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. நுண்ணுயிர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதே அது. சுருக்கமாக பிஓடி என்பார்கள். தமிழில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை.

இந்த முறை பிரிட்டனில் ஒரு நூற்றாண்டுக்கு முன் உருவானது. அங்கே 20 பாகை சூட்டில் 5 நாள் வைத்து அளந்தார்கள். மலேசியாவில் செம்பனை ஆலைகளுக்கான சட்டம் நம் வெயிலுக்கு ஏற்ற மாதிரி 30 பாகை, 3 நாள் என்று மாற்றிக்கொண்டது. சூட்டில் நுண்ணுயிர்கள் வேகமாகச் சாப்பிடும் என்பதே காரணம்.

வீட்டுக் கழிவுநீரின் பிஓடி பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 250 மில்லிகிராம். செம்பனை ஆலையின் கழிவுநீருக்கு அது சுமார் 25,000 மில்லிகிராம். அதாவது நூறு மடங்கு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இதன் அர்த்தம் புரியும். நம் நாட்டு வெப்பத்தில் நல்ல ஆற்றுத் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அப்படியானால் சுத்திகரிக்காத ஆலைக் கழிவுநீர் ஒரே ஒரு லிட்டர், 3,300 லிட்டர் ஆற்று நீரின் ஆக்சிஜனை முழுசாகக் காலி செய்யும் சக்தி உள்ளது.

1970-களில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய வேகத்தில், மேற்குக் கரையோர ஆறுகளில் இதுதான் நடந்தது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977-இல் கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. அடுத்த ஆண்டே ரப்பர் ஆலைகளுக்கும் வந்தன.

அந்த விதிகள் ஒரே நாளில் ஆலைகளை மூடச் சொல்லவில்லை. படிப்படியாக இறங்கச் சொல்லின. 1978-இல் பிஓடி 5,000 வரை விடலாம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு 2,000, 1,000, 500, 250 என்று குறைந்து, 1984-இல் 100 மில்லிகிராம் என்று நின்றது. 25,000-லிருந்து 100-க்கு வருவது என்றால் அழுக்கில் 99.6 விழுக்காட்டை நீக்க வேண்டும். இந்த வேலையை இயந்திரத்தாலும் ரசாயனத்தாலும் செய்யப் போனால் எண்ணெய் விற்ற காசு அதற்கே போய்விடும். அதனால்தான் ஆலைகள் நுண்ணுயிர்களிடம் போயின.

குளத்துக்குள் நடப்பது என்ன?

செம்பனை ஆலைகளுக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையை வைத்தே இடம் தெரியும். மலேசிய ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை நம்பியிருப்பது இந்தக் குள முறையைத்தான்.

முதலில் வருவது ஆறவைக்கும் குளம். கொதிக்கிற தண்ணீரில் சாதாரண நுண்ணுயிர்கள் வாழாது என்பதால் சூடு குறையும் வரை தண்ணீர் இங்கே நிற்கும். மேலே மிதக்கும் எண்ணெயையும் இங்கேயே வழித்து எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது புளிக்கும் கட்டம். தோசை மாவு புளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்து வைத்த மாவில் பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக மாற்றுகிறது, மாவு பொங்குகிறது. இங்கேயும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒரு கூட்டம் நார், மாவுச்சத்து, கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகளை உடைக்கும். இன்னொரு கூட்டம் உடைந்ததை அமிலமாக்கும். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சுருக்கும்.

மூன்றாவது, காற்றில்லாக் குளம். ஆழம் 5 முதல் 7 மீட்டர். அடியில் ஆக்சிஜன் அறவே கிடையாது. இங்கே நான்காவது கூட்டம் காத்திருக்கிறது: மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியாகூட இல்லை. ஆர்க்கியா என்ற தனிப் பழங்குடி. முன்னவர்கள் விட்டுச்சென்ற அமிலத்தைத் தின்று மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் வெளியிடும். அழுக்கு வாயுவாகி மேலே போய்விடும். கழிவுநீர் இந்தக் கட்டத்தில் மட்டும் 40 நாளுக்கு மேல் தங்கும். அழுக்கின் பெரும் பகுதி தீருவதும் இங்கேதான்.

கடைசியில் ஆழம் குறைந்த குளங்கள். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர்தான். வெயில் படும், பாசி வளரும், பாசி ஆக்சிஜன் கொடுக்கும். ஆக்சிஜனை மூச்சாக விடும் பாக்டீரியாக்கள் மிச்சம் மீதியைச் சாப்பிட்டு முடிக்கும்.

எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகும். மணிக்கு 45 டன் குலை அரைக்கும் ஓர் ஆலை நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் சுமார் 600 கன மீட்டர் கழிவுநீர் வரும். அறுபது நாள் தண்ணீரைத் தேக்கி வைக்க 36,000 கன மீட்டர் இடம் வேண்டும். ஒலிம்பிக் நீச்சல் குளம் பதினான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அதிகம் வேண்டாம், மருந்து வேண்டாம். ஆனால் நிலமும் பொறுமையும் வேண்டும்.

குளம் எப்போது கெட்டுப்போகும்?

நான்கு கூட்டங்களும் ஒரு தொடர் ஓட்டம் ஓடுகிற மாதிரி. ஒருவர் கொடுப்பதை அடுத்தவர் வாங்க வேண்டும். ஆனால் வேகம் ஒன்று இல்லை. அமிலம் உண்டாக்குபவை சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். மீத்தேன் உண்டாக்குபவைக்குச் சில நாள் ஆகும். அதோடு அவற்றுக்கு பிஎச் 7 பக்கத்தில் இருந்தால்தான் பிடிக்கும்.

குலை அதிகமாக வரும் மாதங்களில் ஆலை இராப்பகலாக ஓடும். கழிவுநீர் ஒரேயடியாக வந்து குவியும். அமிலம் வேகமாகச் சேரும். அதைத் தின்ன வேண்டியவை பின்தங்கும். குளம் அளவுக்கு மேல் புளித்துவிடும். புளிப்பு கூடினால் மீத்தேன் கூட்டம் இன்னும் சோர்ந்துபோகும். அப்புறம் குளத்தை மீட்க வாரக்கணக்கில் ஆகும். நல்ல ஆலைகள் காற்றில்லாக் குளத்தின் அடியில் இருக்கும் சேற்றில் ஒரு பகுதியைத் திரும்ப முதல் குளத்துக்கு அனுப்புவது இதனால்தான். தயிர் உறைய உறைமோர் ஊற்றுவது போல.

இன்னொரு எதிரி சேறு. செத்த நுண்ணுயிர்களும் நாரும் அடியில் படியப் படியக் குளத்தின் ஆழம் குறையும். 6 மீட்டர் குளம் 3 மீட்டர் ஆனால் 40 நாள் தங்க வேண்டிய தண்ணீர் 20 நாளில் வெளியேறிவிடும். வெளியே பார்த்தால் குளம் நிறைந்துதான் இருக்கும். உள்ளே வேலை பாதிதான் நடக்கும்.

மூன்றாவது, மழை. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பஹாட் பகுதிகள் வாரக்கணக்கில் வெள்ளத்தில் கிடந்ததை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். திறந்த குளங்களுக்கு இப்படிப்பட்ட மழை பெரிய சோதனை. கரை வழிந்தாலோ உடைந்தாலோ, பாதி வெந்த கழிவு நேராக ஆற்றுக்குத்தான் போகும்.

அழுக்கு போனாலும் அமோனியா போகாது

இங்கேதான் நம் குடிநீரைத் தொடும் கதை ஆரம்பிக்கிறது.

காற்றில்லாக் குளம் கார்பன் சத்தைத் தின்பதில் கெட்டிக்காரன். ஆனால் புரதத்தில் இருக்கும் நைட்ரஜனை அது என்ன செய்கிறது? உடைத்து அமோனியாவாக விட்டுவிடுகிறது. பிஓடி இறங்கும், அமோனியா இறங்காது.

1977 விதிமுறைகளின் கடைசிக் கட்டத்தில் செம்பனை ஆலை வெளியிடும் நீரில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம். குடிநீருக்காக ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரில் சுகாதார அமைச்சு ஏற்கும் அளவு 1.5 மில்லிகிராம். இரண்டுக்கும் நடுவில் நூறு மடங்கு இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது ஆற்றின் தண்ணீர். ஆலை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டரையும் நீர்க்கச் செய்ய ஆற்றில் குறைந்தது நூறு லிட்டர் வேண்டும். மழைக்காலத்தில் அது பிரச்சினை இல்லை. வறட்சியில், அதுவும் ஒரே ஆற்றில் பல ஆலைகள், கோழிப் பண்ணைகள், குப்பை கொட்டும் இடங்கள் இருந்தால், ஒருத்தர்கூடச் சட்டத்தை மீறாமலே எல்லை தாண்டிவிடலாம்.

தண்ணீர் ஆலைக்கு அமோனியா ஏன் இவ்வளவு பயம்? கிருமி கொல்லப் போடும் குளோரினை அமோனியா பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனைத் தீர்த்துக்கட்ட எட்டு முதல் பத்து பங்கு குளோரின் வேண்டும். அது முடிந்த பிறகு போடும் குளோரின்தான் கிருமியைக் கொல்ல முழு பலத்தோடு நிற்கும். அமோனியா கொஞ்சம் கூடினாலும் மருந்துக் கணக்கு எகிறும். ஒரு கட்டத்துக்கு மேல் பாதுகாப்பான தண்ணீர் தரவே முடியாது. நிலையத்தை நிறுத்துவது ஒன்றே வழி.

ஜொகூரில் இது பலமுறை நடந்திருக்கிறது. குளுவாங் மாவட்டத்தின் சிம்பாங் ரெங்கம் நீர் சுத்திகரிப்பு நிலையம் 2017-க்கும் 2019-க்கும் இடையில் மறுபடி மறுபடி மூடப்பட்டது. பெனுட் ஆற்றில் அமோனியா ஏறியதே காரணம். குப்பைக் கிடங்கிலிருந்து வடியும் சாறு அப்போது பெரிய சர்ச்சையானது. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா கூடியபோது, சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் நடத்தும் சுத்திகரிப்பு நிலையமும் நிறுத்தப்பட்டது. ஒரு ஆற்றில் நடக்கும் தவறு இரண்டு நாட்டுக் குழாய்களை எட்டும்.

நிலையம் நின்றால் என்ன ஆகும் என்று ஜொகூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசை, பள்ளியில் கழிப்பறைக்குப் பூட்டு, கடைகளில் தண்ணீர் போத்தல் காலி.

அமோனியாவுக்கும் ஆள் இருக்கிறார்கள்

நல்ல செய்தி, அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் இயற்கையில் உண்டு. நைட்ரசோமோனாஸ் போன்றவை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில அதை நைட்ரேட்டாக மாற்றும். பிறகு ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இன்னொரு கூட்டம் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பும். நாம் மூச்சுவிடும் காற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருப்பது அதே வாயுதான்.

ஆனால் இவர்கள் சம்பளம் அதிகம் கேட்கும் தொழிலாளிகள். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதற்குக் காற்று ஊதும் இயந்திரம் ஓட வேண்டும், மின்கட்டணம் ஏறும். வேலை செய்யும்போது தண்ணீரைப் புளிப்பாக்கவும் செய்யும். புளிப்பு கூடினால் அவையே சோர்ந்துவிடும். மேற்கு ஜொகூரின் தாழ்நிலங்களில் கரிமண் சதுப்பும் புளிப்பு மண்ணும் நிறைய. அங்கே ஆற்று நீரின் பிஎச் ஏற்கெனவே குறைவு. ஆறு தானாகவே அமோனியாவைத் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

1990-களில் நெதர்லாந்தில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கப்பட்டது. அனமாக்ஸ் என்று பெயர். இந்தப் பாக்டீரியாக்கள் அமோனியாவையும் நைட்ரைட்டையும் நேரடியாகச் சேர்த்து, ஆக்சிஜன் இல்லாமலே நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். காற்று ஊதும் செலவு பெருமளவு மிச்சம். ஒரே குறை, இரட்டிப்பாகப் பத்து நாளுக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். முதல் பெரிய ஆலை 2002-இல் ரோட்டர்டாமில் தொடங்கியது. குளிர் நாடுகளில் தண்ணீரைச் சூடாக்கினால்தான் இவை நன்றாக வேலை செய்யும். நம் பக்கம் அந்தக் கவலை இல்லை. சிங்கப்பூரின் சாங்கி கழிவுநீர் நிலையத்தில் இந்தப் பாக்டீரியாக்கள் தாமாகவே வளர்ந்து நைட்ரஜனை நீக்குவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெயில் நமக்குக் கிடைத்த இலவச உதவி.

மீத்தேன்: வாடை இல்லை, காசு

குளங்களிலிருந்து எழும்பும் வாயுவில் சுமார் 65 விழுக்காடு மீத்தேன். ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். திறந்த குளத்தில் அது காற்றில் போய்விடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் சக்தி கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு. ஆறு தப்பித்தது, வானம் மாட்டிக்கொண்டது என்ற கதை.

குளத்தின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் போர்வை போட்டோ, மூடிய தொட்டி கட்டியோ அந்த வாயுவைப் பிடித்தால் அதுவே எரிபொருள். மாசாயில் ஒரு செம்பனை ஆலை 1980-களிலேயே இதைச் செய்யத் தொடங்கியது. ஜொகூர் இதில் முன்னோடி. 2014 ஜனவரி 1 முதல் புதிய ஆலைகளும், உற்பத்தியைப் பெருக்க விண்ணப்பிக்கும் ஆலைகளும் வாயுவைப் பிடிக்கும் வசதி வைக்க வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பழைய ஆலைகளுக்கு இருக்கும் பெரிய தடை தூரம். தோட்டத்துக்கு நடுவில் மின்சாரம் தயாரித்தாலும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க மின்கம்பி வேண்டுமே.

பாக்டீரியா வாங்கிக் கொட்டினால் போதுமா?

பள்ளியில் படித்தபோது மண் உருண்டை உருட்டி ஆற்றிலோ கால்வாயிலோ வீசியிருக்கிறீர்களா? மண், தவிடு, ஈஎம் எனப்படும் நுண்ணுயிர்க் கரைசல் எல்லாம் சேர்த்து உருட்டுவது. ஈஎம் கரைசலை உருவாக்கியவர் ஜப்பானின் ஒகினாவாவைச் சேர்ந்த பேராசிரியர் தெருவோ ஹிகா. பினாங்கில் 2009 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பத்து லட்சத்துக்கும் அதிகமான உருண்டைகளைக் கடலிலும் ஆறுகளிலும் வீசினார்கள்.

பிள்ளைகளுக்கு ஆற்றின் மேல் அக்கறை வர இது நல்ல நிகழ்ச்சி. ஆனால் சுத்திகரிப்பு முறையாக இதை நம்ப முடியுமா? இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆற்றில் நுண்ணுயிர்களுக்குப் பஞ்சமா? இல்லை. எந்த அழுக்கு ஆற்றிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது ஆக்சிஜனும் நேரமும். உருண்டை அதைக் கொடுக்காது. தவிடும் மண்ணும் சேர்ந்தால் பிஓடி கொஞ்சம் ஏறவே செய்யும். இரண்டாவது, மேலே அழுக்கு வந்துகொண்டே இருந்தால்? ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற கதைதான்.

இதே பாடத்தை உலகம் பெரிய அளவில் படித்திருக்கிறது. வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அமெரிக்காவில் எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் 1989-இல் எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து அலாஸ்கா கரையில் எண்ணெய் கொட்டியபோது கைகொடுத்தது வேறு வழி. கரையில் உரம் தெளித்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்ததும் அவை தாமாகவே எண்ணெயை வேகமாகத் தின்றன. புது ஆளைக் கொண்டுவருவதைவிட, இருக்கும் ஆளுக்கு வேண்டியதைக் கொடுப்பது பல நேரம் பலன் தரும்.

நுண்ணுயிர்களால் முடியாதது

கார்பன் சத்துள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களைத் தீர்க்க முடியாது. அவை தனிமங்கள், உடைக்க ஒன்றும் இல்லை. சில பாக்டீரியாக்கள் அவற்றைக் கரையாத வடிவத்துக்கு மாற்றிச் சேற்றில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சில சமயம் நிலைமையை மோசமாக்கவும் செய்யும். தண்ணீர்ச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன் வழியாக மனித உடலுக்குள் ஏறும். மேற்கு ஜொகூரின் சதுப்பு மண்ணை வடித்து உலர்த்தும்போது கந்தகக் கனிமங்களைத் தின்று அமிலம் கக்குவதிலும் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு.

அவசரத்துக்கும் இவை உதவாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே விஷ வாயு மக்களை எட்ட சில மணி நேரம் போதுமாக இருந்தது. நுண்ணுயிர்களுக்கோ நாளும் வாரமும் வேண்டும். அந்த ஆற்றில் கழிவை அள்ளி எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது

நம் வீட்டிலும் இதே வேலை நடக்கிறது. பெரிய கழிவுநீர் நிலையத்தோடு இணைக்கப்படாத வீடுகளில் இருக்கும் கழிவுத் தொட்டி ஒரு குட்டிக் காற்றில்லாக் குளம். சமையல் எண்ணெயை ஊற்றினால் மேலே படலம் கட்டும். பிளீச்சை லிட்டர் கணக்கில் ஊற்றினால் வேலைக்காரர்களே செத்துப்போவார்கள். சேற்றை முறையாக எடுக்காமல் விட்டால், ஆலைக் குளத்துக்கு நடப்பதுதான் அதற்கும் நடக்கும்: வெளியே எல்லாம் சரி, உள்ளே வேலை இல்லை.

ஆற்றைப் பற்றிச் செய்தி வந்தால் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மலேசியாவின் நீர்த் தரக் குறியீடு ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறது: கரைந்த ஆக்சிஜன், பிஓடி, வேதி ஆக்சிஜன் தேவை, அமோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள்கள், பிஎச். 81-க்கு மேல் என்றால் சுத்தம், 60-க்குக் கீழே போனால் மாசடைந்தது. ஆனால் ஆறும் சேர்ந்த ஒரே எண்ணில், ஒன்று மட்டும் மோசமாக இருப்பது மறைந்துபோகலாம். குடிநீர் நிலையத்தை நிறுத்த அமோனியா ஒன்றே போதும்.

ஐம்பது ஆண்டுக்கு முன் எழுதிய விதி ஆற்றை மூச்சுத் திணறலிலிருந்து காப்பாற்றியது. அதைச் சாதித்தவை ஆலைக்குப் பின்னால் இருக்கும் அந்த நாற்றக் குளங்கள்தான். இனி அடுத்த கணக்கு அமோனியா. அதைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறது, வெயில் இருக்கிறது, வழிமுறையும் தெரியும். 150-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும் அந்த நூறு மடங்கு இடைவெளியை ஆறே சுமக்கட்டும் என்று விடுவதா, ஆலையும் குப்பைக் கிடங்கும் பண்ணையும் பங்கு போட்டுக்கொள்வதா என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை நுண்ணுயிர்கள் எடுக்காது.